மறுநாள் அந்த வீட்டுக்குப் போங்கள்

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன். பணியில் சேர்ந்து இரண்டாவது ஆண்டு நடக்கிறது. என் பகுதியில் பெரும்பாலான தாய்மார்கள் புதன்கிழமை தவறாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊசிக்கு வந்துவிடுகிறார்கள். சில வீடுகளில்தான் என்ன சொல்லியும் எடுபடவில்லை.

ஒரு வீட்டில் மூத்த பேரனுக்கு மூன்றரை மாத ஊசி போட்ட அன்று இரவு காய்ச்சல் ஏறி ஜன்னி வந்திருக்கிறது. அதனால் இரண்டாவது பேத்திக்குப் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் போட்டதோடு சரி, அதன்பிறகு ஒன்றும் போடவில்லை. இப்போது ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. "இந்த ஜில்லாவிலேயே தட்டம்மை ஊசி போட்டுக் குழந்தைகள் செத்தது எனக்குத் தெரியாதா?" என்று தாத்தா கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பேச்சையே எடுக்காதே என்று என் மேற்பார்வையாளர் சொல்கிறார்.

பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி இயற்கை விவசாயம் செய்யும் ஒரு தம்பதி, மூன்று வயது மகனுக்கு ஒரு ஊசிகூடப் போடவில்லை. ஆட்டிசம் வரும் என்கிறார்கள். இது போதாதென்று, எம்.ஆர். (தட்டம்மை-ருபெல்லா) ஊசி போட்டால் பெண் குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது என்று ஒரு குரல் பதிவு மகளிர் குழு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஊருக்கு வெளியே செங்கல் சூளையில் இருக்கும் ஒடிசா குடும்பங்கள் ஊசி நாளன்று கண்ணிலேயே படுவதில்லை.

நான் அதட்டவும் பார்த்துவிட்டேன், கெஞ்சவும் பார்த்துவிட்டேன். மகப்பேறு உதவித்தொகை நின்றுவிடும் என்று சொல்லிப் பயமுறுத்தலாமா? எப்படிப் பேசினால் கேட்பார்கள்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தத் தாத்தாவிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் சொல்வது உண்மை. 2008 ஏப்ரலில் உங்கள் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட 4 குழந்தைகள் இறந்தார்கள். அதன்பிறகு துணை சுகாதார நிலையங்களில் ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றப்பட்டது. ஊருக்குள்ளேயே கிடைத்த ஊசிக்காகக் கைக்குழந்தையோடு பஸ் ஏறிப் போகவேண்டியதாயிற்று. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 2005-06இல் தமிழ்நாட்டில் 12 முதல் 23 மாதம் வரையிலான குழந்தைகளில் 80.9 சதவீதம் பேருக்கு எல்லாத் தடுப்பூசிகளும் போடப்பட்டிருந்தன. 2015-16இல் அது 69.7 சதவீதமாகிவிட்டது. தடுப்பூசிக்கு முன்னோடி என்று பெயர் வாங்கிய மாநிலத்தில் இப்படி ஒரு சரிவு. அதை முழுக்க ஒரே சம்பவத்தின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனால் அந்தச் சம்பவம் மக்கள் மனதில் எவ்வளவு ஆழமாகத் தங்கிவிட்டது என்பதற்கு, இத்தனை ஆண்டுகள் கழித்தும் உங்களிடம் கேள்வி கேட்கும் அந்தப் பெரியவரே சாட்சி.

அந்தப் பேச்சை எடுக்காதே என்ற அறிவுரையை நீங்கள் பின்பற்ற வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். அவருக்குத் தெரிந்த ஒன்றை நீங்கள் மறைத்தால், தெரியாத எதைச் சொன்னாலும் அவர் நம்பமாட்டார். "ஆமாம் ஐயா, நடந்தது. நான் படித்திருக்கிறேன். அது மறுபடியும் நடக்காமல் இருக்க நாங்கள் என்ன செய்கிறோம் என்று காட்டட்டுமா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு உண்மையாகவே காட்டுங்கள். பேத்தியோடு அவரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச்சொல்லுங்கள். எம்.ஆர். மருந்து பொடியாக வருகிறது, அதற்கென்றே தயாரித்து அனுப்பும் கரைப்பானை மட்டும்தான் அதில் சேர்க்க வேண்டும், வேறு எந்தக் குப்பியும் அந்த மேசைப்பக்கமே வரக்கூடாது என்பதை அவர் கண்ணெதிரில் செய்து காட்டுங்கள். குப்பியைத் திறந்த நேரத்தை அதன்மேல் எழுதுங்கள். நான்கு மணி நேரத்துக்குப் பிறகு மிச்சமிருந்தாலும் அதை எடுக்கமாட்டோம் என்று சொல்லுங்கள். குப்பியின் மேலிருக்கும் வட்டத்தையும் அதற்குள் இருக்கும் சதுரத்தையும் காட்டி, சூடு பட்டுக் கெட்டுப்போனால் அந்தச் சதுரம் கறுத்துவிடும் என்று விளக்குங்கள். ஒருமுறை பயன்படுத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சை அவர் கையிலேயே கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உரம் வாங்கும்போது மூட்டையைப் புரட்டிப் பார்த்துத் தேதி படிக்கிற மனிதர் அவர். அந்த மரியாதையை நாமும் அவருக்குத் தரவேண்டும்.

அடுத்தது மூத்த பேரனுக்கு வந்த ஜன்னி. இதை லேசாகத் தள்ளிவிட வேண்டாம். மூன்றரை மாதத்தில் போடும், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா ஊசியில் இருக்கும் கக்குவான் தடுப்பு மருந்தால் அன்றோ மறுநாளோ காய்ச்சல் வருவது சகஜம். அந்தக் காய்ச்சலில் மிகச் சில குழந்தைகளுக்கு ஜன்னி வரலாம். காய்ச்சலோடு வந்துபோகும் இந்த ஜன்னி மூளையைப் பாதிப்பது மிக அரிது. ஆனால் நள்ளிரவில் கண் செருகி, கைகால் வெட்டி இழுக்கும் குழந்தையை மடியில் வைத்திருந்த தாய்க்கு இந்த வாக்கியம் ஆறுதல் தராது. முதலில் அன்றிரவு என்ன நடந்தது என்று முழுவதும் கேளுங்கள். எத்தனை மணிக்குக் காய்ச்சல் வந்தது, யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஆட்டோ கிடைத்ததா, எந்த ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று அவர்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள். அதற்கப்புறம் அந்தப் பையனை மருத்துவ அலுவலரிடம் காட்டுங்கள், நீங்களும் கூடவே போங்கள். அவனுக்கு விட்டுப்போன ஊசிகளை எப்படித் தொடர்வது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அண்ணனுக்கு ஜன்னி வந்தது என்பதால் தங்கைக்கு ஊசி போடக்கூடாது என்று மருத்துவ விதி எதுவும் இல்லை. அதை டாக்டர் வாயால் அந்தக் குடும்பம் கேட்கட்டும். ஒன்பது மாதம் முடிந்த அந்தப் பெண் குழந்தைக்கு எம்.ஆர். ஊசியையும் விட்டுப்போன பென்டா ஊசியின் முதல் தவணையையும் ஒரே நாளில் போடலாம். இரண்டு ஊசியா என்று வீட்டார் மலைத்தால், எம்.ஆர். ஊசியை முதலில் போட்டுக்கொண்டு அடுத்த வாரம் வரச்சொல்லுங்கள். ஒரு வாரத் தாமதத்தைவிட அவர்கள் திரும்பி வருவது முக்கியம்.

இதையெல்லாம்விட நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல நினைப்பது ஒன்று உண்டு. நம் துறையில் விழிப்புணர்வு என்றால் ஊசிக்கு முன்னால் செய்வது என்று ஆகிவிட்டது. ஊர்வலம், பதாகை, ஆட்டோவில் ஒலிபெருக்கி, வீடு வீடாகப் போய் அழைப்பது என எல்லாம் புதன்கிழமை காலை வரைதான். ஊசி போட்டு முடித்து, பதிவேட்டில் ஏற்றியதும் அந்தக் குழந்தை நமக்கு முடிந்துபோன கணக்கு. ஆனால் தாய்க்கு அப்போதுதான் எல்லாம் தொடங்குகிறது. அன்றிரவு குழந்தை அழும், தொடை வீங்கும், உடம்பு கொதிக்கும். மாமியார் ஒரு வார்த்தை சொல்வார், கணவர் ஒரு பார்வை பார்ப்பார். வேலைக்குப் போய் அலுத்து வந்தவர்கள் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். அந்த இரவில் அந்தப் பெண் தனியாக விடப்படுகிறாள். அடுத்த தவணைக்கு அவள் வருவாளா மாட்டாளா என்பது பெரும்பாலும் அந்த இரவில்தான் முடிவாகிறது.

ஆகவே மறுநாள் அந்த வீட்டுக்குப் போங்கள். எல்லா வீட்டுக்கும் உங்களால் போகமுடியாது, எனக்குத் தெரியும். முதல் குழந்தையின் முதல் பென்டா ஊசி, ஏற்கெனவே தயங்கிய வீடுகள், முன்பு ஏதாவது தொந்தரவு வந்த வீடுகள் ஆகியவற்றுக்கு மட்டும் போதும். மற்றவர்களை போனில் விசாரியுங்கள். வியாழக்கிழமை காலை நீங்கள் வாசலில் நின்று "ராத்திரி தூங்கினானா?" என்று கேட்பது, முந்தின வாரம் முழுக்க நீங்கள் பேசியதைவிடப் பெரியது. தொடையைத் தொட்டுப் பாருங்கள், காய்ச்சலைப் பாருங்கள், பாராசிட்டமால் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேளுங்கள். குழந்தையின் எடைக்குத் தக்க அளவை மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியில் கோடு போட்டுக் காட்டுங்கள். அதிகமாகக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது, பயந்து கொடுக்காமலே விடுவதும் நடக்கிறது. குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மணிக்கணக்கில் அழுகை நிற்காவிட்டாலோ அப்போதே உங்களைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லி, உங்கள் எண்ணைத் தடுப்பூசி அட்டையின் மேலேயே பெரிதாக எழுதிக்கொடுங்கள்.

எம்.ஆர். ஊசிக்கு மட்டும் மறுநாள் என்ற கணக்கு பொருந்தாது. அதனால் வரும் காய்ச்சல் ஐந்தாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையில்தான் தலைகாட்டும். ஊசி போட்ட 100 குழந்தைகளில் 5 முதல் 15 பேருக்கு அப்படி வரலாம், சிலருக்கு உடம்பில் மெல்லிய தடிப்பும் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒரு வாரம் நன்றாக இருந்த குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சலும் தடிப்பும் வந்தால், ஊசியே அம்மையை வரவழைத்துவிட்டது என்று வீட்டில் வேப்பிலை செருகிவிடுவார்கள். முன்பே சொல்லியிருந்தால், "நர்சம்மா சொன்ன மாதிரியே வந்தது, போய்விட்டது" என்பார்கள். ஊசி போட்டபின் நாம் சொல்லவேண்டிய நான்கு செய்திகளை உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். எந்த நோய்க்கு எந்த ஊசி, என்ன தொந்தரவு வரலாம், அடுத்து எப்போது வரவேண்டும், அட்டையைப் பத்திரமாக வைக்கவேண்டும் என்பவைதான் அவை. கூட்டம் நெரிக்கும் புதன்கிழமையில் முதலில் பலியாவது அந்த இரண்டாவது செய்திதான். அதைச் சொன்னால் தாய்மார்கள் பயந்து போய்விடுவார்கள் என்று சிலர் வேண்டுமென்றே விழுங்கிவிடுகிறார்கள். சொல்லாமல் வந்த காய்ச்சல்தான் பயமுறுத்தும்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்காரவைப்பதன் காரணத்தையும் மறைக்க வேண்டாம். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் ஊசிகளில் ஒன்று என்ற அளவில் நேரலாம், நேர்ந்தால் உடனே கொடுக்க மருந்து கையில் இருக்கிறது, அதற்காகத்தான் இங்கே உட்காரச் சொல்கிறோம் என்று சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர்கள் பத்தாவது நிமிடத்தில் எழுந்து போகமாட்டார்கள்.

இனி அந்தக் குரல் பதிவு. அதை எடுத்துப் போட்டு "இது பொய்" என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். கேட்காதவர்களும் அப்போதுதான் கேட்பார்கள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய இடங்களில் ஒன்பது மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் எம்.ஆர். ஊசி போடும் முகாம் தொடங்கியபோது, நம் மாநிலத்தில் நடந்ததை நீங்கள் பள்ளி மாணவியாகப் பார்த்திருக்கக்கூடும். பல பெற்றோரை அரசின் விளக்கத்துக்கு முன்னால் வாட்ஸ்அப் வதந்தி எட்டிவிட்டது. பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள். முகாமின் காலத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. மக்கள் அறியாமையில் இருந்தார்கள் என்று அதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. என் பிள்ளைக்கு என்ன ஊசி, ஏன் இப்போது, ஏற்கெனவே போட்டதுதானே என்று கேட்க நினைத்த பெற்றோருக்கு, பதில் சொல்ல முகம் தெரிந்த ஒருவர் அன்று எதிரில் இல்லை. அந்த இடத்தைத்தான் வதந்தி பிடித்துக்கொண்டது.

பிள்ளை பிறக்காது என்ற இதே வதந்தி போலியோ சொட்டு மருந்தைப் பற்றி மேற்கு உத்தரப்பிரதேசத்தில் பல ஆண்டுகள் ஓடியது. அதை அங்கே விளம்பரம் வெல்லவில்லை. அந்தந்தத் தெருவிலேயே வாழும் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள், அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இமாம்கள் அறிவித்தார்கள். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் கைகொடுத்தன. "சாக்கடை அள்ள ஆளில்லை, டாக்டர் இல்லை, சொட்டு மருந்துக்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறீர்கள்?" என்பது மக்களின் கேள்வி. அது மிக நியாயமான சந்தேகம். உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் மிகவும் சிக்கலான 107 வட்டாரங்களில் சொட்டு மருந்தோடு வயிற்றுப்போக்குச் சிகிச்சை, கைகழுவுதல், குடிநீர் ஆகியவற்றையும் சேர்த்துக் கவனித்த பிறகு நிலைமை மாறியது. இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட சிறுமிதான். 2014 மார்ச் 27 அன்று போலியோ ஒழிந்த நாடு என்ற சான்று கிடைத்தது.

உங்கள் மகளிர் குழுவில் யார் சொன்னால் செய்தி பரவும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் பத்து வீட்டில் கேளுங்கள்: "ஊரில் ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரியவேண்டுமென்றால் யாரிடம் சொல்வீர்கள்?" ஹரியானாவில் பொருளாதார ஆய்வாளர்கள் இப்படி ஊராரைக் கேட்டு, அவர்கள் கைகாட்டியவர்களிடம் தடுப்பூசி முகாம் பற்றிய செய்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். யாரோ சிலரைக் குலுக்கல் முறையில் பிடித்துச் சொன்ன ஊர்களைவிட அந்த ஊர்களில் அதிகக் குழந்தைகள் ஊசிக்கு வந்தன. பெரும்பாலும் அது பஞ்சாயத்துத் தலைவராக இருக்காது. மாவு மில் நடத்தும் அம்மாவாகவோ, பால் சொசைட்டியில் கணக்கு எழுதும் பெண்ணாகவோ இருக்கும். அவரிடம் போய், ருபெல்லா என்ற நோய் கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாக்கினால் கரு கலையலாம், குழந்தை செவிடாகவோ கண்புரையோடோ இதயக் கோளாறோடோ பிறக்கலாம் என்று பொறுமையாக விளக்குங்கள். எம்.ஆர். ஊசியில் பாதி அந்த நோய்க்கு எதிரானது, இன்றைய பெண் குழந்தை நாளைக்குத் தாயாகும்போது அவள் வயிற்றுப் பிள்ளையைக் காப்பதற்கே அது போடப்படுகிறது என்றும் சொல்லுங்கள். அவருக்குப் புரிந்தால், தன் சொந்தக் குரலில் ஒரு பதிவு போடச் சொல்லுங்கள். சுருக்கமாக இருக்கட்டும். அந்த வதந்தியை அதில் குறிப்பிடவே வேண்டாம்.

வதந்தியில் எப்போதும் ஒரு மரணமோ ஒரு நோயோ கோத்துவிடப்பட்டிருக்கும், கவனித்திருப்பீர்கள். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மக்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். இரண்டு நாளில் மாரடைப்பால் இறந்துபோனார். தமிழ்நாடே கலங்கியது, ஊசி போட வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அந்த மரணத்துக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று தேசிய நிபுணர் குழு பின்னர் ஆராய்ந்து சொன்னது. ஆனால் அதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. ஒன்றன்பின் ஒன்று நடந்தால் முன்னது பின்னதற்குக் காரணம் என்று மனம் தானாக முடிச்சுப் போடும், யாருக்கும். அப்படிச் சொல்பவரைப் பரிகசிக்காமல், "அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்" என்று ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடருங்கள்.

இயற்கை விவசாயத் தம்பதியை நீங்கள் ஒரே பேச்சில் மாற்றிவிட முடியாது. அந்த எதிர்பார்ப்போடு போகாதீர்கள். தயக்கத்துக்கும் படிப்புக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு நம் ஊரிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. 1955இல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி இயக்கத்தை எதிர்த்து வெளிப்படையாக எழுதியவர் ராஜாஜி. அவர் படிக்காதவரா? இந்தத் தம்பதி கேள்விப்பட்ட ஆட்டிசக் கதைக்கு வேர் 1998இல் பிரிட்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவர் வெளியிட்ட கட்டுரை. 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்டது. அதை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது, அதே ஆண்டு அவருடைய மருத்துவப் பதிவும் பறிக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வில், தட்டம்மைத் தடுப்பூசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிச வாய்ப்பில் வேறுபாடு தெரியவில்லை.

இந்த விவரங்களை உங்களுக்காகத்தான் சொன்னேன். போனவுடன் இவற்றை அவர்கள்மேல் கொட்டினால் அவர்களும் பத்து இணைப்புகளைக் காட்டுவார்கள், பட்டிமன்றமாகிவிடும். முதல்முறை ஊசியைப் பற்றிப் பேசாமல் குழந்தையின் எடையை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்தமுறை, எதைப் படித்தபோது இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேளுங்கள். ஆட்டிசமா, ஊசியில் கலக்கும் பொருள்களா, சொந்தத்தில் யாருக்காவது நடந்ததா என்று பேச்சில் தெரியவரும். "எனக்குத் தெரிந்ததைச் சொல்லலாமா?" என்று அனுமதி கேட்டு, அவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். எல்லாம் வேண்டாம் என்பவர்கள்கூட எதையாவது ஒன்றை ஏற்பார்கள். மண்ணில் விளையாடி, மாட்டுத்தொழுவத்தில் திரியும் பையனுக்கு ரண ஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி அவசியம் என்பதை ஒரு விவசாயி மறுப்பது கடினம். அங்கிருந்து தொடங்கலாம்.

அவர்களிடம் ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர்கள் மகன் இதுவரை நன்றாக இருப்பதற்கு அவனுடைய உணவும் காற்றும் மட்டும் காரணமில்லை. ஊரில் மற்ற தாய்மார்கள் எல்லாம் புதன்கிழமை வந்து வரிசையில் நின்றதும் காரணம். எதிர்ப்புச் சக்தியே இல்லாத கூட்டத்தில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்கு நோயைக் கொடுப்பார். அவர் இருமிவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம்வரை கிருமி காற்றில் தங்கியிருக்கும். 100 பேரில் 95 பேருக்காவது இரண்டு தவணை ஊசி போட்டிருந்தால்தான் அது பரவாமல் நிற்கும். பக்கத்து மாநிலமான கேரளத்தில், படிப்பறிவில் முன்னால் நிற்கும் மண்ணில், மலப்புரம் மாவட்டத்தில் ஊசி போடாத பிள்ளைகள் சேர்ந்துபோனதால் 2016இல் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) திரும்பி வந்தது, பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். இதைக் குற்றம்சாட்டும் தொனியில் சொல்லாதீர்கள். அவர்களுக்கும் மகன்மேல் உங்களைவிட அதிக அக்கறை இருக்கிறது.

உதவித்தொகை பற்றிக் கேட்டிருந்தீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் தவணை குழந்தையின் தடுப்பூசியோடு இணைக்கப்பட்டிருப்பது உண்மை. அதைத் தகவலாகச் சொல்வது உங்கள் கடமை, மிரட்டலாகச் சொல்ல வேண்டாம். பயத்தில் இருக்கும் வீட்டில் பணத்தைக் காட்டினால், "இவ்வளவு பணம் கொடுத்துப் போடச் சொல்கிறார்களே, ஏதோ இருக்கிறது" என்ற சந்தேகம்தான் வளரும். இந்தியாவில் தடுப்பூசி கட்டாயமும் இல்லை. யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்று 2022இல் கொரோனா தடுப்பூசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதட்டிப் போட்ட முதல் ஊசியோடு அந்த வீட்டின் அடுத்த ஊசிகளை நாம் இழந்துவிடுவோம்.

எதிர்ப்பு எதுவும் இல்லாமல், வேலையும் கூலியும் இழுப்பதால் வராத வீடுகளில் சிறு உதவி பலன் தரும். ராஜஸ்தானின் உதய்ப்பூர் பகுதியில் 134 கிராமங்களில் இதைச் சோதித்தார்கள். எதுவும் செய்யாத கிராமங்களில் 6 சதவீதக் குழந்தைகளுக்கே எல்லா ஊசிகளும் போடப்பட்டிருந்தன. மாதந்தோறும் தவறாமல் முகாம் நடத்தியபோது 18 சதவீதமாயிற்று. முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லாம் முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்தபோது 39 சதவீதமாயிற்று. பருப்புக்கு ஆசைப்பட்டு வந்தார்கள் என்று நான் இதைப் படிக்கவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருபவருக்கு அது ஈடு. உங்கள் ஊரில் நூறு நாள் வேலை புதன்கிழமையிலும் நடக்கிறது அல்லவா? பணித்தளப் பொறுப்பாளரிடம் பேசி, ஊசி நாளன்று குழந்தை வைத்திருக்கும் பெண்களை இரண்டு மணி நேரம் விடச்சொல்லுங்கள். வருகைப் பதிவில் கைவைக்கக் கூடாது என்று மருத்துவ அலுவலர் வழியாகக் கேட்டால் எளிதில் நடக்கும்.

செங்கல் சூளைக் குடும்பங்களைத் தயங்குபவர்கள் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். அவர்கள் அந்தப் பட்டியலில் இருக்கவே கூடாது. விடியுமுன் மண் மிதிக்கத் தொடங்கும் தாயிடம், மொழி தெரியாத ஊரில், பகல் பதினொரு மணிக்கு வா என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சூளைக்கு நடமாடும் முகாம் கேட்டு எழுதுங்கள். வேலை ஓயும் நேரம் எது என்று மேஸ்திரியிடம் கேட்டு, முகாமை அந்த நேரத்தில் வையுங்கள். ஒடியாவும் தமிழும் தெரிந்த ஒருவர் சூளையில் கட்டாயம் இருப்பார், அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். என்ன காய்ச்சல் வரும், எப்போது வரும் என்பதை அவர் வழியாகச் சொல்லுங்கள். மறுநாள் அங்கும் போங்கள். மழைக்கு முன் அவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள் என்பதால் போட்ட ஊசி, தேதி, அடுத்த தவணை எல்லாவற்றையும் அட்டையில் ஆங்கிலத்திலும் எழுதிக்கொடுங்கள். அங்கே உள்ள செவிலியர் பார்த்துத் தொடர வசதியாக இருக்கும். முகாமுக்கான கடிதத்தை இந்த வாரமே மருத்துவ அலுவலரிடம் கொடுத்துவிடுங்கள். சூளை வேலை முடிவதற்குள் ஒரு மாத இடைவெளியில் இரண்டு தவணையாவது போட நேரம் வேண்டும்.